பன்னிரண்டு பக்க வாக்குமூலம்

ஞாயிறு காலை ஏழு மணி பத்து நிமிடம். திரைச்சீலையை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தலைக்கவசம். வாசல் கேட்டுக்கு வெளியே என் மைத்துனன் குமரேசன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. முன்கண்ணாடியையும் தூக்கவில்லை. மடியில் அன்றைய நாளிதழின் ஞாயிறு பதிப்பு, எட்டாம் பக்கம் மேலே தெரியும்படி மடிந்திருந்தது. எட்டாம் பக்கத்தில் என் படம் இருக்கும். பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு நான் சிரிக்கும் படம். (பூதக்கண்ணாடி மகளின் அறிவியல் பாடத்துக்காக வாங்கியது. அலுவலகத்தில் அப்படி ஒரு படம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். வயது அப்போது நாற்பத்தாறு.)

பாராட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். இதை எழுதும்போது காது சுடுகிறது. ஆனாலும் அவனைப் பார்த்த உடனே எனக்கு வந்த எண்ணம் அதுதான். தலையைக்கூட வாரிக்கொண்டேன்.

நான் ஜோகூர் மாநிலத்தில் குளுவாங் வட்டாரத்துக்கு நிருபர். வெள்ளம், லோரி விபத்து, பள்ளி விளையாட்டுப் போட்டி, ஆலயத் திருவிழா ஆகியவற்றைப் பெயர், வயது, நேரம் பிசகாமல் எழுதி இருபது வருடம் சம்பளம் வாங்கியவன். அந்த இருபது வருடத்தில் ஒருவர்கூட என்னிடம், “எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டதில்லை. லோரி கவிழ்ந்ததை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அது சாலையிலேயே கிடக்கும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ‘எட்டாவது மைல்’. பதின்மூன்று வாரத் துப்பறியும் தொடர், வெள்ளிக்கிழமை மாலை ஒளிபரப்பு. காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் படமெடுத்தார்கள். முதல் பகுதியிலேயே ரூபா என்ற தோட்டப் பள்ளி ஆசிரியை கழுத்து நெரிக்கப்பட்டுச் செம்பனை மரங்களுக்கு நடுவே கிடப்பார். பணி ஓய்வு பெற்ற ஒரு போலீஸ் சார்ஜன் ரம்புத்தான் பழத்தை உரித்துக்கொண்டே கொலைகாரனைத் தேடுவார். நம் ஊர் முகங்கள், நம் ஊர்ப் பேச்சு. ஜோகூரில் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அதைப் பார்த்தன. என் அலுவலகம், “நீ அந்தப் பக்கம்தானே இருக்கே, வாரா வாரம் ஏதாவது எழுது” என்றது. ‘ஞாயிறு துப்பு’ என்று பத்திக்குப் பெயர் வைத்தேன். அடக்கமாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இரண்டாம் வாரமே நான் நிபுணன் ஆகிவிட்டேன்.

துப்பறியும் கதைகளுக்கென்று சில வாடிக்கைகள் உண்டு. கேட்காமலே தேநீர் கொண்டுவருபவனைக் கவனிக்க வேண்டும். முதல் பகுதியில் நொண்டியவன் நான்காம் பகுதியில் நொண்டுகிறானா என்று பார்க்க வேண்டும். விதவைக்கு முதலில் ஆறுதல் சொல்பவன், இடது கைக்காரன், தேவைக்கு மேல் நல்லவன் ஆகிய மூவரையும் நம்பக் கூடாது. கடைசியில் எல்லாரையும் ஓர் அறைக்குள் கூட்டி உட்கார வைப்பார்கள் (அவர்களுக்கு வேறு வேலையே இருக்காது). இதையெல்லாம் நான் விதி ஒன்று, விதி இரண்டு என்று எண் போட்டு எழுதினேன். அது போதாமல், எந்தக் காட்சி எந்தப் பழைய படத்தை நினைவூட்டுகிறது என்றும் பட்டியல் கொடுத்தேன். சார்ஜன் ரம்புத்தான் தோலை வீசும் விதம், கறுப்பு வெள்ளைக் காலத்து நாயகர்கள் சிகரெட்டை வீசியதற்குச் செலுத்தும் மரியாதை. மருந்தகத்துக்குப் பின்னால் நிற்கும் வாழைமரம், மலாய்ப் பேய்ப் படங்களுக்குச் செலுத்தும் மரியாதை. செம்பனை ஆலையில் நடந்த சண்டை, ஹாங்காங் படங்களுக்கு. என் கணக்குப்படி அந்த இயக்குநர் யாருக்காவது மரியாதை செலுத்தாமல் ஒரு கதவைக்கூடத் திறக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். நான் கைகாட்டிய ஆள் கொலைகாரனாக இருந்ததில்லை. அதைவிட மோசம், நான் கைகாட்டிய ஆள் அடுத்த வாரம் உயிரோடு இருந்ததில்லை.

மெர்சிங்கில் உணவகம் நடத்தும் ராவுத்தர் ஒருவர் எனக்கு வாசகர். சனிக்கிழமை காலை தவறாமல் குரல் பதிவு அனுப்புவார். பின்னணியில் தே தாரிக், அதாவது நுரை பொங்கும் பால் தேநீர், ஆற்றும் ஓசை கேட்கும். “அண்ணே, போன வாரம் கங்காணியக் காட்டினீங்க. நேத்து கங்காணி கெணத்துல கெடக்குறாரு. அதுக்கு முந்தி கடைக்காரரு. அவரும் போயிட்டாரு. அண்ணே, தயவு செஞ்சி சார்ஜனை மட்டும் காட்டிறாதீங்க. அவருதான் கதாநாயகன். அவரும் போயிட்டா நாங்க வெள்ளிக்கெழம என்னலா பாக்குறது?”

எட்டு வாரம் இப்படிப் போனது. ஆலயத்தில், சந்தையில், காப்பி குடிக்கப் போகும் கொப்பிக் கடையில் என்னைப் பார்த்தவர்கள், “என்னைக் காட்டிறாதீங்க சார், புள்ளைங்க சின்னதா இருக்கு” என்றார்கள். சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற வெறி வளர்ந்தது.

இனி குமரேசன். என் மனைவி பவானியின் தம்பி. முப்பத்திரண்டு வயது. குளுவாங்கில் ஏர்கோன் (குளிர்சாதனம்) பழுதுபார்க்கும் வேலை. மீதி நேரத்தில் பன்னிரண்டு வருடமாக நடிகன். கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவன், ஸ்திரெச்சர் தூக்குபவன், தவிர மூன்று முறை பிணம். பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு முறை சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது படப்பிடிப்புக்காரர்களின் நம்பிக்கை. இல்லாவிட்டால் ஆயுசுக்கு ஆகாது. “எங்க குமரேசன் நல்லா நடிச்சது அந்த மூணு சிரிப்புலதான். அத எவனும் காட்ட மாட்டேங்குறான்” என்பாள் பவானி.

‘எட்டாவது மைல்’ தொடரில் அவனுக்குத் தோட்ட மருந்தகத்தில் டிரெசர் வேடம். ஊசி போடுவான், மாத்திரை கொடுப்பான், விசாரணைக்கு வரும் சார்ஜனிடம் கோப்பையை நீட்டி, “சார், தே” என்பான். வாரத்துக்கு ஒரு வசனம், சில வாரம் இரண்டு. எட்டு வாரத்தில் நான் தோட்டத்து மேனேஜரைச் சந்தேகித்தேன், மேனேஜரின் மாமியாரைச் சந்தேகித்தேன், ஒரு கட்டத்தில் பள்ளி மணி அடிப்பவரைக்கூடச் சந்தேகித்தேன். குமரேசனை ஒரு முறையும் சந்தேகிக்கவில்லை. சொந்தக்காரன் என்ற கூச்சத்தால் அல்ல. இவனுக்குப் போய் அவ்வளவு பெரிய வேடத்தை யார் கொடுப்பார்கள் என்ற நினைப்பால்.

ஒன்பதாம் பகுதி ஒளிபரப்பாகும் வெள்ளிக்கிழமை காலை, என் மாமியாரைக் குளுவாங்கில் ஓர் அம்மன் கோயிலுக்குக் காரில் அழைத்துப் போனேன். அத்தை முப்பது வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, வரிசை மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். அவர் மெதுவாகப் பேசுகிறார் என்றால் அடுத்த கட்டடத்துக்குக் கேட்கவில்லை என்று பொருள்.

சன்னதியில் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றேன். அத்தை குருக்களிடம் அர்ச்சனைத் தட்டை நீட்டி ரகசியம் பேசினார்.

“பேரு?” என்றார் குருக்கள்.

“மதுரவாணி.”

“ராசி, நட்சத்திரம்?”

“மீனம். ரேவதி.”

எங்கள் குடும்பத்தில் மதுரவாணி யாரும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ரூபாவாக நடித்த பெண்ணின் பெயர் அது. நானே போன மாதம் அவரைப் பேட்டி எடுத்திருந்தேன்.

“சாமி, அந்தப் புள்ள கழுத்துக்கு ஒன்னும் ஆவக் கூடாது. எம் மவன் வேணும்னு செய்யல. வேலைக்காகச் செஞ்சது.”

குருக்கள் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

“டிவியில, சாமி” என்றார் அத்தை.

குருக்கள் மூச்சை விட்டு மந்திரத்தைத் தொடங்கினார்.

(அந்தப் பெண்ணின் நட்சத்திரம் அத்தைக்கு எப்படிக் கிடைத்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். குமரேசன் படப்பிடிப்பில் நேராகவே கேட்டிருக்கிறான். ஜாதகப் பொருத்தம் பார்க்கிறானோ என்று அந்தப் பெண் இரண்டு நாள் அவன் பக்கமே வரவில்லையாம்.)

கற்பூர ஆரத்தியின்போது நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். பக்தியால் அல்ல. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொலைக் காட்சியைக் கடைசிப் பகுதிக்காகப் பிளாஷ்பேக்காகப் படமெடுத்திருக்கிறார்கள். கழுத்தை நெரித்தவன் குமரேசன். மகனின் கைகள் ஒரு பெண்ணின் கழுத்தில் பட்டுவிட்டன, நடிப்பாகவே இருந்தாலும் அந்தப் பெண் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று ஒரு தாய் பரிகாரம் செய்கிறாள். இதில் மனிதன் கவனிக்க வேண்டியது எது என்று எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது நான் கவனித்தது, எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிட்டது என்பதை.

இரண்டு பேர் உறுதிப்படுத்தாமல் எதையும் அச்சில் ஏற்றாதே என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். எனவே காரில் திரும்பும்போது நிருபர்களின் பழைய தந்திரத்தை எடுத்தேன். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி, எதிராளி மறுக்கிறாரா என்று பார்ப்பது.

“கடைசி எபிசோட்ல நம்ம குமரேசனுக்கு வசனம் நெறையாமே, அத்தை?”

“பன்னண்டு பக்கம், மாப்பிள்ளை. ஏணி மேல நின்னுக்கிட்டும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கான். பன்னண்டு வருசமா வாயே தொறக்காத வேசம், இப்ப ஒரேயடியா…” என்றவர் சட்டென்று கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “நான் ஒன்னும் சொல்லல.”

“நானும் ஒன்னும் கேக்கல, அத்தை.”

ஒரே ஆளைக் கோயிலில் ஒரு முறை, காரில் ஒரு முறை கேட்டதை இரண்டு ஆதாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஒரே மூச்சில் எழுதினேன். கொலைகாரன் டிரெசர்தான் என்று முதல் வரியிலேயே போட்டேன். அத்தையையும் அர்ச்சனையையும் எழுதவில்லை. எல்லாம் என் விதிகளால் கண்டுபிடித்தது என்று எழுதினேன். கேட்காமலே தேநீர் கொண்டுவருகிறான், விதி ஒன்று. மூன்றாம் பகுதியிலிருந்து இடது கையால் ஊசி போடுகிறான், விதி நான்கு. வெள்ளைச் சட்டையில் ஒரு கறைகூடக் கிடையாது, பழைய படங்களில் இரட்டை வேடத்தின் கெட்ட அண்ணன்கள் இப்படித்தான் வருவார்கள். கடைசிப் பத்தியில், எழுதியது போதாதென்று, இப்படி முடித்தேன்: ‘இறுதிப் பகுதியில் டிரெசர் நீண்ட வாக்குமூலம் கொடுப்பார். பன்னிரண்டு பக்கம் இருக்கும் என்பது என் துணிபு.’

சரியான எண் இருந்தால் செய்திக்கு மதிப்புக் கூடும் என்பது என் இருபது வருட அனுபவம்.

வாசலுக்குத் திரும்புகிறேன். கேட்டைத் திறந்து, “உள்ள வாடா” என்றேன். தலைக்கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மாமா, யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்.”

“நெசமாவா?”

“தே, குமரேசா. எல்லாருக்கும் தே கொண்டுபோறது நீதானே? விதி ஒன்னு.”

அவன் விட்ட மூச்சில் முன்கண்ணாடி உள்பக்கமாக மங்கியது. “அப்ப ஏறுங்க மாமா. காஹாங் போலாம். இதையே டைரக்டர் மேடம்கிட்ட சொல்லிருங்க. காலையில ஆறு மணிக்கே போன் பண்ணிட்டாங்க. நான்தான் வெளிய சொல்லிட்டேன்னு நெனைக்கிறாங்க. சொல்ல மாட்டேன்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். புதன்கெழம அந்த சீன் எடுக்குறாங்க மாமா. அது போயிருச்சின்னா எனக்கு வேற ஒன்னும் இல்ல.”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘உங்கம்மா வாய்தவறிச் சொன்னதைத் திருடி எழுதினேன்’ என்பது ஒரே வாக்கியம். அதைவிட நீளமான வாக்கியங்களைச் சனிக்கிழமை எழுதியிருந்தேன். பவானி வாசற்படியில் நின்று எட்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து என்னைப் பார்த்தாள். நான் கார்ச் சாவியைத் தேடுவதுபோல உள்ளே போனேன்.

காரில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. பார்க்காததுபோல வண்டியை ஓட்டினேன். பாதி வழியில், “நீங்க எழுதினது ஒரு வகையில எனக்குப் பாராட்டுதான் மாமா. எனக்கே தெரியல, நான் அப்படியா தே கொடுத்தேன்” என்றான்.

கைவிடப்பட்ட ஒரு தோட்ட மருந்தகத்தில்தான் படப்பிடிப்பு நடந்தது. இயக்குநர் சுபத்ராவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தாதவர். அன்று ஒத்திகை என்பதால் நடிகர்கள் எல்லாரும் அந்த ஒரே அறையில் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி. “உக்காருங்க சார்” என்றார் சுபத்ரா. உட்கார்ந்த பிறகுதான் அது எந்தக் காட்சி என்பது எனக்குப் புரிந்தது. நான்காம் வாரம் அதைக் கேலி செய்து நானே எழுதியிருந்தேன்.

“நானே கண்டுபிடித்தேன்” என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசினேன். விதிகளை எண் வாரியாகச் சொன்னேன். சுபத்ரா என் பத்தியின்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாக வந்தார்.

“இடது கைன்னு எழுதியிருக்கீங்க. குமரேசன், ஏன் இடது கையால ஊசி போட்டீங்க?”

“வலது கை கட்டைவெரல ஏர்கோன் விசிறி வெட்டிருச்சி, மேடம். மாமாதான் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாரு” என்றான் குமரேசன், எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு.

யாரோ இருமினார்கள்.

“வெள்ளைச் சட்டையில கறை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. எங்ககிட்ட இருந்ததே ஒரு சட்டை சார். தெனமும் தொவைச்சோம். அப்புறம் போன வாரம் எழுதினீங்களே, வாழைமரம். பேய்ப் படங்களுக்கு மரியாதைன்னு. அது முன்னாலேருந்தே அங்க நிக்கிது. வெட்டுறதுக்கு அனுமதி கெடைக்கல.”

அறையில் சிரிப்புப் பரவியது. நானும் சிரித்தேன். கேலிதான், இதோடு முடிந்துவிடும் என்று நம்பினேன். முட்டாள் என்று முடிவாகிவிட்டால் குமரேசனும் தப்பிப்பான், நானும் தப்பிப்பேன்.

சுபத்ராவின் பென்சில் கடைசிப் பத்திக்கு வந்து நின்றது.

“பன்னண்டு பக்கம்.”

பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“பத்துன்னு எழுதல. நீளமானதுன்னு மட்டும் எழுதல. பன்னண்டு. அந்தத் தாளப் பார்த்தவங்க ரெண்டே பேரு சார். நானு, குமரேசன்.” கோப்பு ஒன்றைத் திறந்து பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு துண்டை எடுத்தார். “உங்க மூணாவது வாரம். ‘குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றைக் குற்றவாளி வாய்தவறிச் சொல்வார். அலுத்துப்போன உத்தி. ஆனால் எப்போதும் வேலை செய்யும்.’ நீங்க எழுதினதுதான். நான் உங்க பத்திய விடாம படிப்பேன்.”

எல்லாருடைய கண்களும் என்மேல் இருந்தன. ஒருவருடையதைத் தவிர. குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான் என்பதும், அம்மாவோடு வெள்ளிக்கிழமை காரில் போனது யார் என்பதும் அவனுக்குத் தெரியும். கண்டுபிடிக்க அவனுக்கு எந்த விதியும் தேவைப்படவில்லை.

சொல்லிவிட்டேன். கோயில், தட்டு, பெயர், நட்சத்திரம், கார். நிருபருக்கு உரிய வரிசையில், ஒன்றும் விடாமல். யாரையோ பற்றிச் செய்தி வாசிப்பதுபோல இருந்தது என் குரல்.

மதுரவாணி மூலையில் உட்கார்ந்திருந்தார். கை தானாகக் கழுத்துக்குப் போனது. “அதுக்குத்தான் நட்சத்திரம் கேட்டீங்களா, அண்ணே?” என்றார் குமரேசனிடம். அவன் தலையாட்டினான். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக அந்த வாழைமரமும் அவர் முதுகும் தெரிந்தன.

சுபத்ரா கோப்பை மூடினார். “குமரேசன், உங்கம்மாவ நான் குத்தம் சொல்ல மாட்டேன். உங்களையும் சொல்லல. ஆனா யாரு கொலைகாரன்னு பேப்பர்ல வந்த பிறகு நான் அதையே எடுக்க முடியாது. புரியுதுலா?”

“புரியுது, மேடம்.”

என்னிடம் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “தே குடிச்சிட்டுப் போங்க சார்” என்றார்.

குமரேசன்தான் கொண்டுவந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. கோப்பையை என் முன்னால் நீட்டினான். “மாமா, தே” என்றான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாங்கியபோது நான்தான் பாதியை என் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் பகுதியில் டிரெசர் மருந்தகத்து நாற்காலியில் விஷம் குடித்துச் செத்துக் கிடந்தார். நான்காவது பிணம். காட்சி முடிந்ததும் குமரேசன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்தானாம், எல்லாரும் கைதட்டினார்களாம். அதுவும் ஒளிபரப்பாகவில்லை. கொலைகாரி சார்ஜனின் மனைவி என்று கதையை மாற்றியிருந்தார்கள். அந்த அம்மாளுக்கு எட்டுப் பக்கம். டிரெசர் செத்த பகுதி வந்த மறுநாள் காலை ராவுத்தரின் குரல் வந்தது. இந்த முறை தே ஆற்றும் ஓசை இல்லை. “அண்ணே, நீங்க காட்டின டிரெசரும் போயிட்டாரு. எனக்கென்னமோ இந்தத் தடவ சிரிப்பு வரல அண்ணே.” அலுவலகத்தில் மட்டும் மகிழ்ச்சி. நான் டிரெசரைக் காட்டிய அந்த ஒன்பதாவது வாரப் பத்தியை நிறையப் பேர் படித்தார்களாம். ‘ஞாயிறு துப்பு’ போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு லோரி விபத்துகளுக்குத் திரும்பினேன்.

அத்தை என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனில் கேட்டார், “மாப்பிள்ளை, நான் மெதுவாத்தானே சொன்னேன்?”

ஆமாம் என்றேன்.

ஐந்து வருடம் ஆகிறது. உறவினர் வீட்டு விசேஷங்களில் எனக்குத் தேநீர் கொண்டுவரும் ஒவ்வொருவரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, “நான் ஒன்னும் பண்ணல மாமா” என்கிறார்கள். குழந்தைகள்கூடப் பழகிவிட்டார்கள், ஏன் என்று தெரியாமலே. பவானியின் சின்னம்மா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொருத்தி கர்ப்பமாக இருந்தது, குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில். நான் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு மழை, போக்குவரத்து, மீன் என்று மாறும். பவானியிடம் கேட்டால், “பன்னண்டு பக்கமா எழுதிருவீங்க” என்பாள்.

குமரேசனுக்கு அதன்பிறகு பெரிய வேடம் எதுவும் வரவில்லை. எங்கள் வீட்டு ஏர்கோனை அவன்தான் வந்து பார்க்கிறான். போன வருடம் ஏணியில் நின்று வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவன் உதடுகள் அசைந்தன. ‘கழுத்துல கைய வச்ச பிறகுதான் அவ என்னைப் பார்த்து, டிரெசர்னு கூப்பிட்டா, சார்’ என்பதுவரை எனக்குக் கேட்டது. பிறகு கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது போலும். திருப்புளி கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.

மாதம் ஒரு முறை அத்தையைக் கோயிலுக்கு இப்போதும் நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். அர்ச்சனை நேரத்தில் நான் வெளியே, செருப்பு வைக்கும் அலமாரியின் பக்கத்தில் நிற்கிறேன். அங்கிருந்து மணியோசை கேட்கும். பெயர்கள் கேட்பதில்லை.